வெட்டாமல் வைத்த சினை

எடைமேடைக் குமாஸ்தாவின் வீட்டு ஃப்ரீசரில் ஒரு மீன் சினை நான்கு வருடம் கெடாமல் இருந்தது. அந்த நான்கு வருடமும் அதைப் பற்றி அவர் பேசியபோதெல்லாம், அவர் குரல் எட்டிய தூரத்தில் இருந்த பாலும் குழம்பும் சோறும் கெட்டுப்போயின. முதலில் பால் திரியும், பிறகு குழம்பு நுரைக்கும், கடைசியில் சோறு நூல்விடும். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. அவர் தண்ணீர் கேட்டாலோ, செருப்பைத் தேடினாலோ, மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னாலோ ஒன்றும் ஆகாது. சினையை வைத்துப் பீற்றிக்கொண்டால் மட்டும்தான். தெருவில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் வாயைத் திறந்தால் ஏதாவது கெடும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். என்னென்ன கெடும் என்பதுதான் புதிதாகத் தெரியவந்தது.

அவருக்குத் தெருவில் 'பெரிய இடம்' என்று பெயர். துறைமுக வாசலில் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது வேலை. டிரைவர் கண்ணாடியை இறக்கிச் சீட்டு வாங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தனக்கு எந்தெந்தப் பெரிய இடத்தில் பழக்கம் என்று சொல்லி முடித்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. வேறு சாமர்த்தியம் இருந்ததாகத் தகவல் இல்லை. அவர் சொன்ன பெரிய இடங்களின் வாசல் காவலாளிகளுக்குக்கூட அவர் முகம் தெரியாது. அவருடைய மனைவி வீட்டிலேயே சமைத்து, மதியச் சாப்பாட்டைக் கேரியர்களில் அடைத்து அலுவலகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கேரியர்க்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் விளக்கு எரிந்ததும் கூரை ஒழுகாமல் இருந்ததும் அந்தக் கேரியர்களால்தான். அவர் சம்பளம் அவர் சட்டைகளுக்கும் இஸ்திரிக்கும் சரியாகப் போனது.

சினையைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய தம்பி. ஆழ்கடலுக்குப் போகும் படகில் ஐஸ் அறை அவன் பொறுப்பு. சின்ன வயதில் மீன் குழம்பில் சினைத் துண்டு கிடந்தால், அவள் அதைத் தன் தட்டிலிருந்து எடுத்துத் தம்பி தட்டில் வைத்துவிடுவாள். எனக்குப் பிடிக்காது என்று சொல்வாள். அவளுக்கு அது உயிர் என்று பெரியவனான பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அதை மனதில் வைத்திருந்தான். ஒரு தடவை முழங்கை நீளத்துக்கு, பழுத்த பப்பாளி நிறத்தில், இரட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த சினை ஒன்று கிடைத்ததும், சவ்வு கிழியாமல் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கரையேறியதும் நேராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"இது உனக்குத்தான்க்கா. வேற யாருக்கும் இல்ல. ரெண்டு நாளுக்குள்ள சாப்பிட்டுடு. முடியலன்னா ஒருவேளைக்கு ஆகற மாதிரி துண்டு போட்டு, காத்து போகாம தனித்தனியாக் கட்டி ஃப்ரீசர்ல வை. வேணுங்கறத மட்டும் வெளிய எடு. உருகினத மறுபடி உள்ள வைக்காத."

"ஊருக்கே சமைச்சுப் போடறவளுக்குச் சொல்லித் தர வந்துட்டான்" என்று அவள் சிரித்தாள். அவன் மறுநாள் கடலுக்குப் போக வேண்டியிருந்ததால் உட்காரக்கூட இல்லை.

அவள் சினையைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்த நேரத்தில் பெரிய இடம் வீட்டுக்குள் நுழைந்தார். அன்றைக்கு மட்டும் ஏதாவது ஒரு லாரி பழுதாகி எடைமேடையை மறித்துக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் சினையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். வெட்டக்கூடாது என்றார். முழுசாக இருந்தால்தான் மதிப்பு, துண்டு போட்டால் மீன்கடைச் சாமான் ஆகிவிடும், ஆபீஸ் சூப்பிரண்டைக் குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிடப் போகிறேன், அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றார். அவள் பாதியாவது வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். பாதிச் சினையை யாரிடம் காட்டுவது என்று அவர் கேட்டார். சாப்பிடுவதற்கு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அதை யாரிடம் காட்டுவது என்று யோசிக்கிற மூளை அது. சினை அப்படியே ஒரே கட்டியாக உறைந்து கல்லாயிற்று. இனி அதில் ஒரு வாய் வேண்டுமென்றாலும் முழுவதையும் உருக்கியாக வேண்டும். முழுவதையும் உருக்கினால் முழுவதையும் சாப்பிட்டாக வேண்டும். அவ்வளவையும் சாப்பிட அவர் தகுதிக்கு ஏற்ற ஒரு கூட்டம் அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அப்படி ஒரு கூட்டம் இந்த உலகத்தில் இல்லை என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சூப்பிரண்டு வரவில்லை. வயிறு சரியில்லை என்றார், பிறகு மகளுக்குப் பரீட்சை என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ஆனால் மீட்டர் பார்க்க வந்தவர், காப்பீட்டு முகவர், வழி கேட்டு வந்தவர் என்று வாசலை மிதித்தவர்கள் எல்லோருக்கும் சினை தரிசனம் கிடைத்தது. பெரிய இடம் ஃப்ரீசருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வந்தவரை உட்காரவைத்து, பூட்டைத் திறந்து, சினையை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்துவந்து விளக்குக்கு நேராக வைப்பார். அது வியர்த்து, ஓரம் இளகி, தட்டில் நீர் கோக்கும்வரை பேசிவிட்டு மறுபடி கொண்டுபோய் உறையவைப்பார். ஒரு துணுக்குக்கூட யாருக்கும் கொடுக்கமாட்டார். இப்படி உருக்கி உருக்கி வைத்தால் விஷமாகிவிடும் என்று அவள் சொன்னபோது, நல்ல சரக்கு கெடாது என்றார். சொன்னது பலித்துவிட்டது. அந்த மனிதர் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான், அதுவும் அவள் தலையில் விடிந்தது. சவ்வு தளரவில்லை, நிறம் மங்கவில்லை, முகர்ந்தால் கடல் வாசனைதான் வந்தது.

"கெடணுங்க. இத்தனை நாள் கெடாம இருந்தாத்தான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

"பொறாமை" என்றார் அவர். யாருடைய சினையின் மேல் யாருக்குப் பொறாமை என்று அவள் கேட்கவில்லை.

முதல் மாதம் அதைக் கொடுத்தது மச்சினன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கே சுவாரஸ்யம் குறைந்துபோனது. ஐஸ் அள்ளிப் போடுகிறவன் கொடுத்த சாமானை எத்தனை நாளைக்குத் தட்டில் வைத்துக் காட்டுவது? எனவே ஒருநாள் காப்பீட்டு முகவரிடம், படகு முதலாளி தன் கையால் கொடுத்தது என்றார். உள்ளே அடுப்பில் இருந்த பால் அந்த நிமிடமே திரிந்தது. மழைக்காலத்தில் படகு முதலாளி துறைமுக அதிகாரி ஆனார், அந்த வருடக் கடைசியில் துறைமுக அதிகாரி வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் ஆனார். சினை பழசாகப் பழசாகக் கொடுத்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டே வந்தது. கேப்டன் காலத்தில் கெடுதல் சமையலறையைத் தாண்டி அடுத்த வீட்டு ஊறுகாய் ஜாடிவரை போனது. "எனக்குன்னே எடுத்து வச்சிருந்தாரு" என்று அவர் சொல்லும் இடத்தில் ஜாடி மூடியை நெட்டிக்கொண்டு பூசணம் வெளியே வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி தன் கண்ணால் பார்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, வேறு ஊறுகாய் போட்டாள்.

தம்பி கரைக்கு வரும்போதெல்லாம் துறைமுகத்திலிருந்து போன் செய்வான். சினை எப்படிக்கா இருந்தது என்று முதல் தடவை கேட்டபோது, ரொம்ப நல்லா இருந்ததுடா, அன்னைக்கே சாப்பிட்டுட்டேன் என்று சொன்னாள். புருஷன் பூட்டி வைத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொய்யால் வீட்டில் எதுவும் கெடவில்லை. அதற்குப் பிறகு அவன் போன் வந்தால் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிச் சீக்கிரம் வைத்துவிடுவாள். வீட்டுக்கு வரட்டுமா என்று அவன் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வாள். ஒரே தம்பியை வாசலோடு நிறுத்திய வெட்கம் அவளுக்கு, அதைச் செய்யவைத்தவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து, பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒரு தம்ளர் பாலை எதிரே வைத்துக்கொண்டு, சினையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பெரிய இடம் சந்தோஷமாகச் சொன்னார். கேப்டன் கை குலுக்கியதாகச் சொன்ன இடத்தில் பால் கட்டியானது. ஆய்வாளர் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார், விழவில்லை. அவர் பேசும்போது பாத்திரங்களை மூடி வைங்கம்மா என்று அவளிடம் அறிவுரை சொல்லிவிட்டு எழுந்து போனார். படித்த படிப்புக்கு அதுதான் எட்டியது. மூடினாலும் கெட்டது, காது இல்லாத பாத்திரத்துக்கு எப்படிக் கேட்கிறது என்பதை யாரும் ஆராயவில்லை. கல்யாண வீடுகளில் அவருக்குச் சமையல்கட்டுக்கு எதிர்ப்பக்கம், மேளச் சத்தத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஆபீஸ் கேண்டீனிலிருந்து புகார் வந்ததும் அவரை எடைமேடையிலிருந்து மாற்றி, பழைய இரும்பு அடுக்கும் கொட்டகைக்கு, மாலை ஷிப்டுக்கு அனுப்பினார்கள். அங்கே கெடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் அதைப் பதவி உயர்வு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவள் பிழைப்பில் மண் விழுந்தது அப்போதுதான். மாலை ஷிப்டு என்றால் காலை முழுக்க மனிதர் வீட்டில் இருப்பார். காலைதான் அவள் சமைக்கும் நேரம். அவள் விடிவதற்கு முன் எழுந்து, அவர் விழிப்பதற்குள் கேரியர்களை வெளியேற்றப் பார்த்தாள். அவர் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பேப்பர்காரரைக் கூப்பிட்டுக் கேப்டன் கதையை ஆரம்பிப்பார். கேரியர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே குழம்பு நுரைத்துவிடும். பேசாம இருங்க, என் சோத்துல மண்ணப் போடாதீங்க என்று கெஞ்சிப் பார்த்தாள். உனக்கு என் அருமை தெரியல என்று அவர் சொன்னார். கேரியர்கள் திறந்த வேகத்தில் மூடித் திரும்பி வந்தன. ஒவ்வொரு அலுவலகமாக நின்றுபோய், கடைசியில் ஒரே ஒரு நூல் கம்பெனி மட்டும் மிஞ்சியது. இன்னொரு தடவை கெட்டுப்போய் வந்தால் அதோடு சரி என்று அங்கிருந்தும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்றைக்கு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர் முன்னறையில் யாருக்கோ தட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

படகைப் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். நான்கு வருடத்தில் அவன் தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. வீட்டில் இருந்த நல்லது அத்தனையையும் எடுத்துச் சமைத்தாள். கறி வதங்கிக்கொண்டிருந்தது, சோறு பொங்கிக்கொண்டிருந்தது, அவனுக்குப் பிடிக்குமென்று பாலில் ஏதோ இனிப்புச் சுண்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் பெரிய இடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள், காப்பீட்டு முகவர் வழியை மாற்றிக்கொண்டுவிட்டார், புதுக் காது ஒன்று வீடு தேடி வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சாவியை எடுத்தார். வெள்ளைத் தட்டில் சினையைக் கொண்டுவந்து மச்சினன் முன்னால் வைத்தார்.

"பாத்தியா? ஜென்மத்துல பாத்திருக்க மாட்ட. வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் குடுத்தது. எனக்குன்னே எடுத்து வச்சிருந்தாரு. உங்க படகுல எல்லாம் இந்த மாதிரி வராது."

நெஞ்சறிந்து சொன்ன பொய்யாக இருந்தால்கூடக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். அந்த மனிதருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. கொடுத்தவன் எதிரே உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைக்கவே இல்லை. தம்பி தட்டைப் பார்த்தான். தன் கையால் எடுத்ததை யாருக்குத்தான் தெரியாது? பிறகு சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படியா மாமா?" என்றான் தம்பி. "நல்லா இருக்கு."

அவள் முதுகுக்குப் பின்னால் பால் திரிந்தது. கறி நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. சோறு பானையோடு நூல்விட்டது. வெளியே வைத்திருந்த காய்கள்கூட ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அழுகின. அவர் அதுவரை அவ்வளவு அனுபவித்துச் சொன்னதில்லை. இத்தனை வருடம் கழித்து வந்த தம்பிக்குப் போட வீட்டில் ஒரு பிடி சோறு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கெடாதது அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அவள் வந்து தட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏய், எங்க எடுத்துட்டுப் போற? யாரைக் கேட்டு எடுக்கற?" என்று பின்னாலேயே ஓடினார்.

"குடுத்தவன் உக்காந்திருக்கான். அவனைக் கேட்டு எடுக்கறேன்" என்றாள். கத்தி ஏற்கெனவே கையில் இருந்தது. "டேய், நான் இதுல ஒரு வாய்கூடச் சாப்பிடலடா. உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. "சாப்பிட்டிருந்தா, அடுத்த தடவை எப்ப வரும்னு கேட்டிருப்ப."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாடை இல்லை, விரலில் பிசுபிசுப்பு இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள் உருகியிருந்த பாதியை வெட்டி எடுத்தாள். கல்லாக இருந்த மீதியை மூடிய பாத்திரத்தில் போட்டு, ஃப்ரீசரில் அல்ல, கீழே, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தாள். வெட்டியதை உப்புத் தண்ணீரில் அலசி, வெடித்துத் தெறிக்காமல் இருக்கச் சவ்வில் ஊசியால் அங்கங்கே குத்தி, எண்ணெயில் சிறு தீயில் மூடிபோட்டு வேகவிட்டாள். நடுவில் கண்ணாடிபோல இருந்தது வெளுத்துக் கெட்டிப்பட்டதும் இறக்கி மிளகு தூவினாள். உதிர்ந்த மணிகளை அதே எண்ணெயில் மிளகாய்த்தூள் போட்டுக் கிளறினாள். முதல் துண்டை யாருக்கும் வைக்காமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டு தான் சாப்பிட்டாள். நான்கு வருடம் காத்திருந்த ருசி அதில் இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு தம்பிக்கு வைத்தாள். பெரிய இடமும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ரோஷம் இருந்தால் அவர் ஏன் அவராக இருக்கிறார்? தடித்த துண்டாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டு, "நான் பத்திரமா வச்சிருந்ததாலதான் இப்படி இருக்கு" என்றார். இருவரும் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தம்பி, படகைக் காட்டுகிறேன் என்று மாமாவைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடித்தட்டில் இளகியிருந்த மீதிச் சினையை அவள் வறுத்து, நூல் கம்பெனிக் கேரியர்கள் எல்லாவற்றிலும் ஒரு துண்டு வைத்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. கேரியர்கள் கழுவியதுபோலத் திரும்பி வந்தன. ஒரு கேரியரின் மூடிக்குள், நாளைக்கும் இதே கிடைக்குமா என்று கேட்டு ஒரு பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அந்த வாரமே அவள் இரண்டு தெரு தள்ளி, தையல்கடைக்குப் பின்னால் ஒரு அறையைப் பிடித்து அடுப்பை அங்கே கொண்டுபோனாள். புருஷனை விட்டுப் போகவில்லை. அடுப்புதான் அவரை விட்டுப் போனது. விட்டுப்போன அலுவலகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தம்பி கரைக்கு வந்தால் இப்போது நேராகத் தையல்கடைப் பின்வாசலுக்குத்தான் வருகிறான். சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கம் போடுகிறான்.

சினை போய்விட்டதே, அவர் வாய் அடங்கியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். தீர்ந்துபோன சினையைப் பற்றி இன்னும் கூடுதலாகப் பேசினார். இப்போது அவர் கதையில் அதை வெட்டிப் பந்தி போட்டதும் அவர்தான், கேப்டன் நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பால் இன்னமும் திரிந்தது. குளிர்காலத்தில் ஒருநாள் பேக்கரியில் பன் வாங்கப் போனவர், வரிசையில் நின்ற வெளியூர்க்காரரிடம் அதை ஆரம்பித்தார். குளிரில் எழும்பாமல் இரண்டு நாளாகக் களிபோலக் கிடந்த ரொட்டி மாவு, அவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது புளித்துப் பொங்கி, தொட்டியின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. பேக்கரிக்காரர் விவரமான ஆள். அவர் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார், சர்க்கரையும் பாலும் இருந்த அலமாரியைப் பின்கட்டுக்கு மாற்றினார். தினமும் கொட்டகைக்குப் போவதற்கு முன்னால் பெரிய இடம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறார். "அந்தக் கேப்டன் விஷயத்தச் சொல்லுங்கய்யா" என்று பேக்கரிக்காரர் மாவு மேல் மூடிய துணியை எடுக்கிறார். தன் பேச்சைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க யாருக்கும் நேரமில்லை.

ரொட்டி நன்றாக இருக்கிறது, உள்ளே பஞ்சாகவும் லேசான புளிப்போடும். தூரத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்து நிற்கிறார்கள். கேரியர்க்காரம்மாவும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒன்று வாங்கிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் தெருவில் நடந்துகொண்டே பிய்த்துச் சாப்பிடுகிறாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் புருஷன் பேச்சால் அவள் வயிறு நிறைவது இதுதான் முதல் தடவை.